ஆறாவது கேப்

இந்த ஸ்டூலில் உட்காரலாமா பாய்? இருங்கள், ஒரு தடவை துடைத்துக்கொள்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பட்டறையை அழுக்கு என்று சொல்லவில்லை. எனக்கு அது பழக்கம். பஸ்ஸிலும் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்வேன். டீக்கடையில் கிளாஸின் விளிம்பைத் துடைக்காமல் வாயில் வைக்க மாட்டேன். இந்தப் பச்சைக்கரைத் துண்டு தோளில் இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. இன்றைக்கு மட்டும் தோளில் இல்லை, மடியில் மூட்டையாக இருக்கிறது. உள்ளே இருப்பதைப் பிறகு காட்டுகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அஞ்சப்பன். அக்கரைப்பேட்டை. சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. மெதுவாகத்தான் பேசுவேன், எனக்குச் சத்தம் வராது. அந்தக் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னால் தேவலை. வேண்டாம், வேண்டாம், வேலை நடக்கட்டும். நானே கிட்டே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

மீன்பிடித் தடை முடிய இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? தடைக்காலத்தில்தான் எல்லோரும் இன்ஜினை இறக்கிப் பிரித்துக் கோர்ப்பார்கள். எல்லோருடைய இன்ஜினும் ஏறிவிட்டது. என்னுடையது மட்டும் பட்டறையில் தலைகீழாகக் கிடக்கிறது. கிராங்க் தண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் சுற்றவில்லை. பாதி வேலையில் மெக்கானிக் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான். என் படகு டிரைவர் நேற்று வந்து, "அண்ணே, தடை முடியற அன்னிக்கு நம்ம போட்டு கெளம்பலேன்னா நான் கலியன் அண்ணன் போட்டுல ஏறிக்கிறேன், கோவிச்சுக்காதிய" என்று சொல்லிவிட்டுப் போனான். டிரைவர் போனால் கூடவே ஆட்களும் போவார்கள். அதற்குள் யாராவது வந்து அந்த இன்ஜினை முடித்துத் தர வேண்டும். நாகூரில் நீங்கள் நேர்மையான ஆள் என்றார்கள், அதனால் வந்தேன். நேர்மையான ஆளா இல்லையா என்பதை நானும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்டுதான் வந்தேன்.

மெக்கானிக் யார் என்று கேட்கிறீர்களா? அதுதான் வெட்கக்கேடு. என் மச்சினன். என் வீட்டுக்காரி தையல்நாயகியின் கூடப்பிறந்த தம்பி, பக்கிரிசாமி.

ஊரில் பாதி படகுக்கு அவன்தான் மெக்கானிக். நான் மட்டும் அவனிடம் கொடுத்ததில்லை. சொந்தக்காரனிடம் வேலை கொடுத்தால் தட்டிக் கேட்க முடியாது. எனக்கோ முகத்துக்கு நேரே எதையும் கேட்க வராது. அதனால் காரைக்காலிலிருந்து ஒருவரை வரவழைப்பேன். இந்த வருஷம் அவர் மகனோடு வெளிநாடு போய்விட்டார். தையல் பிடித்துக்கொண்டாள். "ஊரு ஒலகமெல்லாம் எந் தம்பிகிட்ட வருது. அக்கா புருஷன் மட்டும் அசலூரு ஆள கூட்டியாறாரு. எனக்கு நாலு பேரு மொகத்துல முழிக்க முடியல" என்றாள். சரி என்றேன். அந்த ஒரு 'சரி'தான் இவ்வளவுக்கும் காரணம்.

இன்ஜினைப் பட்டறைக்குக் கொண்டுபோன அன்றைக்கே எனக்கு உறுத்தியது. ஏன் தெரியுமா? பக்கத்திலேயே அதே கம்பெனி, அதே ஆறு சிலிண்டர் இன்ஜின் பிரித்துக் கிடந்தது. கலியனுடையது. என் படகுக்கு அடுத்த படகுக்காரன். இரண்டும் ஒரே மாதிரி. ஒரு சாமானை அங்கேயிருந்து இங்கே மாற்றி வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. கலியன் நன்றாகச் சிரித்துப் பேசுகிற ஆள். சிரித்துப் பேசுகிறவனுக்கு எப்போதும் நல்ல சாமான்தான் போய்ச் சேரும். நான் பார்த்திருக்கிறேன்.

கிராங்கைக் கழற்றியதும் தேய்மானத்தைச் சமமாக்க, கிரைண்டிங் பிடிக்க லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்றான். நான் சும்மா விடவில்லை. என் மகளின் நகப்பூச்சை எடுத்துப்போய், அவன் பார்க்காத நேரத்தில் கிராங்கின் ஒரு மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். என் கிராங்கும் கலியன் கிராங்கும் ஒரே குட்டியானை வண்டியில் போயின. ஒரே வண்டியில் திரும்பி வந்தன. ஓடிப்போய்ப் பார்க்கிறேன், இரண்டிலும் பொட்டு இல்லை!

நேரடியாகக் கேட்காமல், "ஏம்பா, கழுவுனாங்களோ?" என்று மட்டும் கேட்டேன். "ஆமா மச்சான், கொதிக்கிற சோடாத் தொட்டியில முக்கி எடுத்துட்டுத்தான் கிரைண்டிங்குல ஏத்துவாங்க. பழைய பிசுக்கு, பெயின்ட்டு ஒண்ணும் நிக்காது" என்றான். பெயின்ட் என்று ஏன் சொன்னான்? நான் பெயின்ட்டைப் பற்றிக் கேட்கவே இல்லையே. நீங்களே சொல்லுங்கள். பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் அழித்திருக்கிறான்.

அன்றிலிருந்து நான் பட்டறையை விட்டு நகரவில்லை. காலையில் அவன் கடை திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். அவன் பூட்டியதும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பேரிங் புதிதாக வாங்கி வந்தான். மெயின் பேரிங் ஏழு, ஒவ்வொன்றும் இரண்டு பாதி. ஒரு பாதி இன்ஜின் பிளாக்கில், மறு பாதி மேலே மூடி மாதிரி வைத்து முடுக்குகிற கேப்பில். பெட்டியைப் பிரித்ததும் பதினான்கு பாதியும் இருக்கிறதா என்று எண்ணினேன். அவன் பார்த்துவிட்டு, "நானும் எண்ணிட்டேன் மச்சான், சரியாத்தான் இருக்கு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கிராங்க் உட்கார வைக்கிற நாள் வந்தது. அன்றைக்கு அவன் செய்ததைக் கேளுங்கள் பாய். காலையில் பட்டறைத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தான். பிறகு கதவைச் சாத்தினான். ஜன்னலைச் சாத்தினான். ஃபேனை நிறுத்தினான். கத்திரி வெயில் போய் இத்தனை நாளாகியும் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கிறது. நேர்மையாக வேலை செய்கிறவன் எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? தூசியாம். கடற்கரையில் பட்டறை வைத்துக்கொண்டு தூசிக்குப் பயமாம்.

அது மட்டுமில்லை. என்னைப் பார்த்து, "மச்சான், துண்ட வெளியே கொடியில போட்டுட்டு வாங்க" என்றான். நான் அப்படியே நின்றேன். மாப்பிள்ளை முறுக்கில் சொல்லவில்லை, எனக்கு அறுபத்தைந்து வயது. என் தோளில் கிடக்கிற துண்டை எடு என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. எதையாவது துண்டில் சுருட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சந்தேகம் அவனுக்கு! தன் மனசில் களவு இருக்கிறவனுக்குத்தான் அடுத்தவனைப் பார்த்தால் அப்படித் தோன்றும். துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பிளாக்கைத் தலைகீழாக மரக்கட்டைமேல் வைத்திருந்தான். எண்ணெய் ஓட்டைகளில் கம்பி விட்டுக் குத்தினான், காற்றடித்தான். பேரிங் உட்காருகிற குழிகளைப் பனியன் துணியால் துடைத்தான். ஒரு குழிக்கு ஒரு துணி. துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்ப்பான், மறுபடி துடைப்பான். பார்த்தால் பூஜை செய்கிற மாதிரி இருக்கும். எனக்குக் காட்டுவதற்காகச் செய்கிறான் என்று தெரிந்தது. பிறகு பேரிங்கின் பாதிகளைப் பிளாக்கில் அழுத்தி வைத்தான். மறு பாதிகளைக் கேப்களில் வைத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினான். எந்தக் கேப் எங்கே இருந்ததோ அங்கேயேதான் போக வேண்டும், மாறக் கூடாது என்று அவனே நம்பர் வெட்டி வைத்திருந்தான். பேரிங்கின் உள்பக்கம் மட்டும் எண்ணெய் தடவினான். பின்பக்கம் காய்ந்து கிடந்தது. எண்ணெயில்கூடக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் சாப்பாட்டு நேரம். மேசைமேல் வெள்ளைத்துணி ஒன்றைப் போர்த்திவிட்டு, "மச்சான், வாங்க ஒரு வாய் சாப்புடுவோம். அக்கா கொடுவா மீன் கொண்டாந்திருக்கு" என்று கூப்பிட்டான். அவன் வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருக்கிறது. "வயிறு சரியில்ல, நீ போ" என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. கொடுவாக் குழம்பின் வாசனை அங்கேயே வந்தது. ஆனால் நான் போய்விட்டால் சாமானுக்குக் காவல் யார்?

அவன் போனதும் எனக்கு ஒரு யோசனை. பேரிங்கின் பின்பக்கம் சைஸ் நம்பர் போட்டிருக்கும் அல்லவா? கிராங்கை இருபது அளவுக்குத் தேய்த்திருந்தால் பேரிங்கும் இருபது சைஸ் இருக்க வேண்டும். புதிய பேரிங்கைக் கலியனுக்குப் போட்டுவிட்டு எனக்குப் பழசு எதையாவது வைத்திருந்தால்? எல்லாவற்றையும் கழற்ற நேரமில்லை. ஒன்றைப் பார்த்தால் போதும். எதைப் பார்ப்பது? ஏமாற்றுகிறவன் முதலாவதில் செய்ய மாட்டான், அதை எல்லோரும் பார்ப்பார்கள். நடுவிலும் செய்ய மாட்டான். கடைசியிலும் மாட்டான். கடைசிக்கு முந்தினதில்தான் செய்வான். அதனால் ஆறாவது கேப்பை எடுத்தேன்.

பெருவிரலால் ஓர் ஓரத்தை அழுத்தினேன், பேரிங் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். கம்பெனி முத்திரை இருந்தது. இருபது என்றும் இருந்தது. சரியாகத்தான் இருந்தது. ஆனால் நம்பர் வெட்டுவது பெரிய வித்தையா? யாரும் வெட்டலாம். அதனால் எனக்கு மனசு ஆறவில்லை. இருந்தாலும் அடுத்தவன் வைத்த பொருளை எடுத்தால் இருந்தபடியே வைக்க வேண்டும் என்பது என் குணம். என் விரல் பட்ட இடத்தில் அடையாளம் தெரியக் கூடாது அல்லவா? இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்து நன்றாகத் துடைத்தேன். பின்பக்கமும் துடைத்தேன். கேப்பின் குழியையும் அழுத்தித் துடைத்தேன். மறுபடி வைத்து அழுத்தினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. அவன் வைத்ததைவிட நான் வைத்தது சுத்தம். மயிரிழை பிசகில்லை. துணியைப் போர்த்திவிட்டுப் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தான். பின்னாலேயே கலியனும் வந்தான். வேடிக்கை பார்க்க வந்தானாம். தையலும் எனக்குத் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்ட கிராங்கை மெதுவாக இறக்கி உட்கார வைத்தான். கேப்களை வைத்து போல்ட் போட்டான். இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்சில் நடுக் கேப்பிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு கேப்பையும் முடுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்ப்பான். நாலாவது முடுக்கினான், சுற்றியது. மூன்றாவது, சுற்றியது. ஐந்தாவது, இரண்டாவது, எல்லாம் வெண்ணெய் மாதிரி. "பாத்தீங்களா மச்சான், ரெண்டு வெரலு போதும்" என்றான். ஆறாவதை முடுக்கினான். கிராங்க் நின்றுவிட்டது.

இரண்டு கையாலும் இழுத்தான். அசையவில்லை. ஆறாவதைத் தளர்த்தினான், சுற்றியது. முடுக்கினான், பிடித்தது. அவன் முகம் மாறிவிட்டது. எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. பிற கேப்களில் சுற்றுகிற கிராங்க் இதில் மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்? என் கிராங்காக இருந்தால் என் பிளாக்கில் பிடிக்குமா?

அவன் நிமிர்ந்து, "மச்சான், நான் திங்கப் போனப்ப இந்த ஆறாவத யாராச்சும் எடுத்தாங்களா?" என்றான்.

"யாரும் வரல. நான்தான் காவலுக்கு இருந்தேன்."

"நீங்க எடுத்தீங்களா?"

"நான் என்ன களவாணியா?"

"அதக் கேக்கல மச்சான். எடுத்திருந்தா சொல்லுங்க, கழட்டித் தொடச்சிப் போட்டா தீந்துது. அரைமணி வேலை."

கலியன் குறுக்கே வந்தான். "சொல்லிட்டுப் போங்கண்ணே. நானுந்தான் என் இன்ஜின நோண்டிப் பாத்தேன். பக்கிரி என் முதுவுல ஒண்ணு வச்சான். அதோட சரி" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் பாய், எனக்குக் கட்டு அறுந்துவிட்டது. வாழ்நாளில் நான் நாலு பேர் நடுவில் குரலை உயர்த்தியதில்லை. "நீ ஏன் சிரிக்க மாட்ட? என் கிராங்க் ஒன் இன்ஜின்ல இருக்கு. ஒன்னோட ஒடசல் என் இன்ஜின்ல கெடக்கு. ரெண்டு பேரும் கூட்டு" என்று சொல்லிவிட்டேன்.

கலியன்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான். பக்கிரி ரெஞ்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். கதவைத் திறந்தான். குழாயடிக்குப் போய்ச் சோப்புத்தூள் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினான். திரும்பி வந்து, "மச்சான், இந்தப் பட்டறையில இத்தன வருசத்துல ஒருத்தன் வாயிலேருந்தும் இந்தச் சொல்லு வந்ததில்ல. அசலூரு ஆளுன்னா சண்டை போட்டிருப்பேன். நீங்க வேற ஆள வச்சி முடிச்சிக்கிங்க. எடம் வேணுமின்னா இங்கேயே வச்சி முடிச்சிக்கிங்க, நான் கதவத் தொறந்து விடுறேன்" என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை. குற்றமில்லாதவன் திட்டாமல் இருப்பானா?

"தையலு, வா வீட்டுக்கு" என்று கூப்பிட்டேன். அவள் தூக்குவாளியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "இந்தச் சோத்தயும் எண்ணிப் பாத்துட்டுத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்குள் போய்விட்டாள். முப்பத்தெட்டு வருஷமாக அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு நாளாக நானே பொங்கித் தின்கிறேன். நேற்று அவள் புடவைகளை எடுக்க வந்தாள். கொடியில் கிடந்த இந்தத் துண்டை எடுத்து விரித்துப் பார்த்தாள், உதறினாள், மணலாகக் கொட்டியது. மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். என்னத்தைப் பார்த்தாளோ.

இதுதான் நடந்தது. இப்போது நீங்கள்தான் வர வேண்டும். சாட்சி இல்லாமல் நான் வரவில்லை. இன்று காலையில் பட்டறைக்குப் போய் அந்த ஆறாவது கேப்பை நானே கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மூட்டையை அவிழ்க்கிறேன். பாருங்கள். பேரிங்கின் உள்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, தெரிகிறதா? அடுத்தவன் கிராங்க் உட்கார்ந்தால்தானே இப்படித் தேயும்?

ஏன் பேரிங்கைக் கழற்றுகிறீர்கள்? தேய்ந்தது உள்பக்கம் அல்லவா?

என்ன அது? இருங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். நூலா? ஆமாம், நூல் மாதிரிதான் இருக்கிறது. நசுங்கிப்போயிருக்கிறது. நூலோடு ஒரு மணல் துகளும் இருக்கிறதா? உள்ளே தேய்ந்த இடத்துக்கு நேர் பின்னாலா?

பச்சை நூல்.

ஏன் பாய் அதைக் கொண்டுவந்து என் துண்டின் கரைமேல் வைக்கிறீர்கள்? பச்சை என்றால் இந்தத் துண்டு ஒன்றுதானா?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். அந்தத் துண்டை அன்றைக்கு அவன் கொடியில் போடச் சொன்னான் அல்லவா? ஏன் சொன்னான்? நான் போட்டிருந்தால் கொடியிலிருந்து ஒரு நூலை உருவியிருப்பான். நான் போடவில்லை. ஆனாலும் எப்படியோ உருவியிருக்கிறான். பழியை என் தலையில் போடத் திட்டம். ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? யாராவது தொட்டார்களா என்றால்? யாரும் தொடவில்லை. நான்தான் கண்ணை எடுக்காமல் காவல் இருந்தேனே. நான் பார்த்தேன், அவ்வளவுதான். பார்ப்பதெல்லாம் தொடுவதாகுமா?

சரி, சரி. நீங்கள் சொல்வது கேட்கிறது. பின்னால் மயிரிழை சிக்கினாலும் பேரிங் முன்னால் புடைத்துக் கிராங்கைப் பிடிக்கும் என்கிறீர்கள். கிராங்க் என்னுடையதுதான் என்கிறீர்கள். இதை இப்படியே கொண்டுபோய்ப் பக்கிரி கையில் கொடுத்தால் அவன் முடுக்குவான், சுற்றும் என்கிறீர்கள். வேறு ஆள் தேவையில்லை, நீங்களும் தேவையில்லை என்கிறீர்கள். போனதும் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும் என்கிறீர்கள். அது எனக்குக் கஷ்டமில்லை, பேசித்தான் பழக்கமில்லை. தையலும் அங்கேதான் இருக்கிறாள். போகிறேன். அவளுக்காகப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் இருக்கிறது. சாயங்காலம் அவன் முடுக்கிவிட்டால் நாளைக்கே இன்ஜின் படகில் ஏறிவிடும்.

நீங்களும் அவனை மாதிரியே மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்துப் பனியன் துணியால் துடைக்கிறீர்கள். நல்லது. பேரிங்கையும் வைத்தாகிவிட்டதா? பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். பிரிக்காமல் கொண்டுபோக வேண்டும். சரி. வருகிறேன் பாய். நாகப்பட்டினம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும்?

ஒரு நிமிஷம். பையை ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள்மேல் சந்தேகம் இல்லை. நான் கொண்டுவந்த பேரிங்தானா என்று பின்பக்க நம்பரை மட்டும். ஆமாம், இருபது. இதுதான். பாருங்கள், என் விரல் அடையாளம் பட்டுவிட்டது. துண்டு எங்கே? இதோ, துடைத்து வைத்துவிடுகிறேன்.